ஜாவா நிரலிலிருந்து டெர்மினலில் சிவப்புப் பிழைச்செய்தி: நிறமும் அது கெட்டுப்போகும் இடங்களும்

கேள்வி இதுதான். ஜாவாவில் எழுதிய ஒரு கமாண்ட் லைன் நிரல், பைல்களைப் படித்துச் சரிபார்க்கிறது. பிழை என்றால் சிவப்பு, எச்சரிக்கை என்றால் மஞ்சள், ஒழுங்காக முடிந்தால் பச்சை என்று டெர்மினலில் காட்ட வேண்டும். எங்கோ கிடைத்த துண்டு நிரலைப் போட்டால் லினக்ஸில் அழகாக வருகிறது. அதையே விண்டோஸில் நண்பர் ஓட்டினால் இடது அம்புக்குறி போல ஒன்று, பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி, சில எண்கள். வெளியீட்டை பைலுக்குத் திருப்பினால் பைல் முழுக்கக் குப்பை. என்ன செய்வது?

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ஜாவாவுக்கு நிறம் என்றால் என்னவென்றே தெரியாது. சிஸ்டம்.அவுட் வெறும் பைட்டுகளை வெளியே தள்ளும் ஒரு குழாய். நீங்கள் அனுப்பும் எழுத்துகளுக்கு நடுவே ஒரு ரகசியக் குறியை வைக்கிறீர்கள், மறுமுனையில் இருக்கும் டெர்மினல் அதைப் படித்து "ஓ, இனிமேல் சிவப்பு" என்று புரிந்துகொள்கிறது. மறுமுனையில் இருப்பது டெர்மினலாக இல்லாமல் ஒரு பைலாக இருந்தால் யார் புரிந்துகொள்வது? அது அப்படியே பைலில் போய் உட்காரும்.

அந்தக் குறி ரொம்பப் பழையது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978-ல் கொண்டுவந்த விடி100 என்ற டெர்மினல்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. வேடிக்கை என்னவென்றால் அதன் திரையில் நிறமே கிடையாது, அழுத்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல், தலைகீழ் வெளிச்சம் இவ்வளவுதான். நிறங்கள் அதே இலக்கண வரிசையில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. பேச்சு வழக்கில் எல்லோரும் இவற்றை ஆன்சி குறிகள் என்கிறோம்.

அமைப்பு எளிது. முதலில் எஸ்கேப் எழுத்து, அதன் எண் 27. அடுத்து இடது சதுர அடைப்பு. அடுத்து ஓர் எண், பல எண்கள் வேண்டுமானால் நடுவே அரைப்புள்ளி. கடைசியில் ஆங்கிலச் சிறிய எழுத்து எம். 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 36 சயான். பின்னணிக்கு அதே வரிசை 40-இலிருந்து 47 வரை, பளிச்சென்ற வகைகள் 90-இலிருந்து 97 வரை. 1 அழுத்தம், 4 அடிக்கோடு, 0 போட்டால் எல்லாம் பழையபடி. ஆக சிவப்பைத் தொடங்க ஐந்து எழுத்து, முடிக்க நான்கு எழுத்து. இந்த ஒன்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஓரிடத்தில் காலை வாரும்.

ஜாவாவில் எஸ்கேப் எழுத்தை எழுதுவதில்தான் முதல் தடுக்கல். பைத்தானிலோ சி-யிலோ எழுதுவது போல பேக்ஸ்லாஷ் எக்ஸ் போட்டால் ஜாவா கம்பைலர் ஏற்காது, பேக்ஸ்லாஷ் இ-யும் கிடையாது. பேக்ஸ்லாஷ் யு போட்டு 001பி என்று நான்கு இலக்கமாக எழுத வேண்டும், அல்லது எட்டின் அடிப்படையிலான எண்ம முறையில் பேக்ஸ்லாஷ் 033. இரண்டும் ஒரே எழுத்துதான். நான் முதலாவதையே எழுதுவேன், படிப்பவருக்குக் குழப்பம் குறைவு.

இந்தக் குறிகளை நிரல் முழுக்கத் தூவாதீர்கள். ஒரு ஈனம் (enum, பெயரிட்ட சில மதிப்புகளை மட்டும் கொண்ட ஜாவா வகை) போதும். ஜாவாவில் மாறிலிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் தெரியுமா? சிவப்பு, மஞ்சள், பச்சை என்றே ஈனம் மதிப்புகளுக்குப் பெயர் வைத்தாலும் கம்பைலர் முணுமுணுக்காது. வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கூட வேலை செய்பவர்கள் முறைக்கலாம். சரி, அந்த ஈனம் ஒவ்வொன்றிலும் தன் எண்ணை வைத்திருக்கட்டும், கூடவே பூசு என்று ஒரே ஒரு மெத்தட். அதற்கு ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) கொடுத்தால் தொடக்கக் குறி, உரை, முடிவுக் குறி மூன்றையும் ஒட்டித் திருப்பித் தரும். நிறம் அணைக்கப்பட்டிருந்தால் கொடுத்த ஸ்ட்ரிங்கை அப்படியே தரும். நிறம் போடுவதா வேண்டாமா என்ற முடிவு இந்த ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். மற்ற எல்லா இடமும் பூசு-வை அழைக்கட்டும், எஸ்கேப் எழுத்தை வேறு யாரும் தொடக்கூடாது.

மூன்றையும் ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலர் சிவப்புக் குறியை ஒரு பிரின்ட், செய்தியை ஒரு பிரின்ட், முடிவுக் குறியை ஒரு பிரின்ட் என்று மூன்றாக எழுதுகிறார்கள். நடுவில் எக்ஸெப்ஷன் (நிரலின் ஓட்டத்தை முறிக்கும் பிழை) வந்தால் டெர்மினல் சிவப்பிலேயே நின்றுவிடும், நிரல் செத்த பிறகும் நீங்கள் தட்டுகிற கட்டளையெல்லாம் சிவப்பாக வரும். இரண்டு த்ரெட்டுகள் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்றின் சிவப்பு மற்றதன் செய்தி மேல் கொட்டும். ஒரே ஸ்ட்ரிங், ஒரே பிரின்ட். முடிவுக் குறி எப்போதும் புதுவரிக்கு முன்னால். பின்னணி நிறம் போட்டுவிட்டுப் புதுவரிக்குப் பிறகு மூடினால், திரை உருளும்போது அடுத்த வரி முழுக்க அந்த நிறம் பட்டையாக விழும், சில டெர்மினல்களில் மட்டும் நடப்பதால் கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும்.

இப்போது நிறத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அதைவிட முக்கியமானது பிழை எந்தக் குழாயில் போகிறது என்பது. நிரலின் விளைவு சிஸ்டம்.அவுட் வழியாக, பிழையும் எச்சரிக்கையும் "இத்தனை பைல் முடிந்தது" வகைப் பேச்சும் சிஸ்டம்.எர் வழியாக. இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதில்லை. நான் முன்பு எழுதிய ஒரு நிரல் அட்டவணைத் தரவை வெளியே தரும், எச்சரிக்கையையும் அதே சிஸ்டம்.அவுட்டில் சிவப்பாகக் காட்டும். பார்க்க அழகு. ஓட்டியவர் அதை ஒரு பைலுக்குத் திருப்பி அடுத்த நிரலுக்குக் கொடுத்தார், தரவுக்கு நடுவே எச்சரிக்கை வரியும் அதில் எஸ்கேப் எழுத்துகளும். அடுத்த நிரல் அந்த வரியைத் தரவு என்றே எடுத்துக்கொண்டது. மூன்று நாள் கழித்துதான் தெரிந்தது, தவறு முழுக்க என்னுடையது.

குழாயைப் பிரித்தால் ஒரு சின்னத் தொல்லை வரும்: ஐடிஇ-யின் (நிரல் எழுதி ஓட்டும் செயலியின்) கன்சோலில் இரண்டும் முன்பின்னாகக் கலந்து தெரியும். பிழை முதலில் வந்து, அதற்கு முந்தைய தகவல் பிறகு வரும். அவை இரண்டு தனி ஓடைகள், வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. வரிசை முக்கியமான செய்திகளை ஒரே ஓடையில் அனுப்புங்கள், வேறு மந்திரம் கிடையாது.

கூடவே வெளியேறும் எண். பிழை இருந்தால் சிஸ்டம்.எக்ஸிட்டுக்கு 0 அல்லாத எண் கொடுங்கள். சிவப்பு மனிதனுக்கு, எண் ஸ்கிரிப்ட்டுக்கு. மெயினில் பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன் வந்து ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) முடிந்தால் தானாகவே 1 வரும், ஆனால் நீங்களே பிடித்து அழகாகச் சிவப்பில் காட்டிவிட்டு மெயினை இயல்பாக முடியவிட்டால் 0 போய்விடும். அழகுபடுத்தப் போய் பிழையையே மறைத்த கதை.

அப்புறம், எப்போது நிறம் போடுவது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், சிஸ்டம்.கன்சோல் தருவது நல் (null, அதாவது எதுவும் இல்லை) இல்லை என்றால் போடு என்பது. பாதி சரி. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் அது ஸ்டாண்டர்ட் இன்புட், ஸ்டாண்டர்ட் அவுட்புட் இரண்டும் டெர்மினலா என்று பார்க்கிறது. ஆகவே இன்புட்டை பைப் வழியாகக் கொடுத்தால், திரை கண்ணெதிரே இருந்தாலும் நல் வரும், நிறம் போகும். இது பரவாயில்லை. மோசமானது மறுபக்கம்: பிழை ஓடையை மட்டும் பைலுக்குத் திருப்பினால் அது கவனிக்காது. கன்சோல் இருக்கிறது என்று சொல்லும், உங்கள் பிழைப் பைல் எஸ்கேப் குப்பையாகும். பிழையைத்தானே நிறத்தில் காட்டுகிறோம், அதன் ஓடையைத்தான் இது பார்ப்பதே இல்லை!

இதற்கு மேல் ஜாவா 22-ல் ஒரு திருப்பம். அந்தப் பதிப்பில் ஜேலைன் நூலகத்தை அடிப்படையாகக் கொண்ட கன்சோல் இயல்புநிலையானது, வெளியீட்டைத் திருப்பியிருந்தாலும் நல் வராமல் ஒரு ஆப்ஜெக்ட் வரலாம். அதனால்தான் கன்சோல் வகுப்பில் இஸ்டெர்மினல் என்ற மெத்தட்டும் அதே பதிப்பில் சேர்ந்தது. ஜாவா 25-ல் இயல்புநிலையைப் பழையபடி மாற்றிவிட்டார்கள். இரண்டையும் பாருங்கள், நல் இல்லை, இஸ்டெர்மினலும் உண்மை என்றால் மட்டும் நிறம். 22-க்கு முந்தைய பதிப்புகளில் அந்த மெத்தட் இல்லாததால் நல் சோதனை மட்டும்.

பிழை ஓடையைத் துல்லியமாகச் சோதிக்க வேண்டுமா? ஓர் ஓடை டெர்மினலா என்று சொல்லும் இஸ்-ஏ-டிடிஒய் என்ற பங்ஷன் சி நூலகத்தில் இருக்கிறது, அதற்கு 1 கொடுத்தால் அவுட்புட், 2 கொடுத்தால் எரர். ஜாவா 22-ல் நிலைபெற்ற வெளி பங்ஷன் ஏபிஐ (ஜாவாவுக்கு வெளியே உள்ள பங்ஷன்களை அழைக்கும் வழி) வழியாக அதை நேரடியாக அழைக்கலாம், நேட்டிவ் அணுகலை அனுமதிக்கும் கொடியை (ஓட்டும் கட்டளையோடு சேர்க்கும் விருப்பத்தை) ஜேவிஎம்முக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஜேவிஎம்மே ஒரு எச்சரிக்கையை உங்கள் பிழை ஓடையில் துப்பும். இவ்வளவு மெனக்கெட விருப்பமில்லை என்றால் ஜான்சி நூலகம் இதையெல்லாம் உங்களுக்காகச் செய்துவிடும்.

தானாகக் கண்டுபிடிப்பது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனருக்குக் கடைசி வார்த்தை இருக்க வேண்டும். நோ_கலர் என்ற சூழல் மாறி (எல்லாம் பெரிய எழுத்தில்) வெறுமையாக இல்லாமல் எந்த மதிப்போடு இருந்தாலும் நிறம் கூடாது, பல கருவிகள் இதை மதிக்கின்றன, நீங்களும் மதியுங்கள். டெர்ம் மாறியில் டம்ப் (dumb, குறிகள் புரியாத டெர்மினல்) என்று இருந்தாலும் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலே, கலர் என்ற ஒரு கொடி: ஆட்டோ, ஆல்வேஸ், நெவர் என்று மூன்று மதிப்பு. ஆல்வேஸ் எதற்கு என்று தோன்றலாம். ஐடிஇ-யின் கன்சோல் நிறக் குறியைப் புரிந்துகொள்ளும், ஆனால் அங்கே கன்சோல் சோதனை தோற்கும். லெஸ் கட்டளைக்குள் பைப் செய்து, அதன் பெரிய ஆர் கொடியோடு நிறத்தில் பார்க்க விரும்புபவர்களும் உண்டு.

விண்டோஸில் வந்த அந்த அம்புக்குறிதான் எஸ்கேப் எழுத்து. 27-ஆம் எழுத்தைப் பழைய டாஸ் எழுத்துரு அம்பாகத்தான் வரையும். விண்டோஸ் 10 முதல் கன்சோலுக்கு ஆன்சி குறிகள் புரியும், ஆனால் பழைய கன்சோல் ஜன்னலில் அந்த வசதியை நிரலே கேட்டு இயக்க வேண்டும், செட்கன்சோல்மோட் என்ற அழைப்பில் 4 என்ற பிட்டை ஏற்றி. ஜாவா 22-க்கு முந்தைய பதிப்புகளில் சாதாரண ஜாவாவிலிருந்து அதை அழைக்க நேர் வழி இல்லை, 22 முதல் மேலே சொன்ன வெளி பங்ஷன் ஏபிஐ மட்டுமே வழி. விண்டோஸ் டெர்மினல் என்ற புதிய செயலியில் பிரச்சினை வராது. எல்லோரும் அதையே பயன்படுத்துவார்கள் என்று நம்ப முடியாவிட்டால் ஜான்சி-யின் ஆன்சிகன்சோல் வகுப்பில் சிஸ்டம்இன்ஸ்டால் என்று ஒரு வரி நிரலின் தொடக்கத்தில், அவ்வளவுதான். அது சிஸ்டம்.அவுட்டையும் எர்ரையும் தன் உறையால் போர்த்திக்கொள்ளும்.

அந்த ஒன்பது எழுத்துக்கு வருவோம். பிரின்ட்எஃப்-இல் ஒரு நெடுவரிசைக்குப் பத்து இடம் ஒதுக்கி, உள்ளே பூசிய ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் நெடுவரிசை இடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்பது எழுத்தையும் அது எண்ணிக்கொள்கிறது. முதலில் இடத்தை நிரப்புங்கள், பிறகு பூசுங்கள். இன்னொன்று, சிவப்பு வரிக்குள் ஒரு பைல் பெயரை மட்டும் அடிக்கோடிட்டு 0 போட்டு மூடினால் மீதி வரியின் சிவப்பும் போய்விடும், 0 எல்லாவற்றையும் துடைக்கும். உள்ளே இருப்பதை மட்டும் மூட அடிக்கோட்டுக்கு 24, அழுத்தத்துக்கு 22, எழுத்து நிறத்துக்கு 39.

எனக்குப் பிடித்த பகுதி பிழை அறிக்கையின் வடிவம். "எண் எதிர்பார்க்கப்பட்டது" என்று சிவப்பில் கத்துவதால் யாருக்கும் பயனில்லை. பைல் பெயர், வரி எண், இட எண், அந்த வரி, அதில் எந்தத் துண்டு தவறு, இவ்வளவும் வேண்டும். பைல் பெயர், வரி, இடம் மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து முதலில் எழுதினால் பல எடிட்டர்கள் அதைச் சொடுக்கக்கூடிய இணைப்பாகவே காட்டும். நிறம் முழு வரிக்கும் வேண்டாம், "பிழை" என்ற சொல்லுக்கும் தவறான துண்டுக்கும் போதும். திரை முழுக்கச் சிவப்பாக இருந்தால் எதுவுமே சிவப்பாக இல்லாத மாதிரிதான்.

தவறான துண்டைக் காட்ட வழக்கமான கம்பைலர்கள் கீழ் வரியில் ஒரு மேல்நோக்கிய கூர்க்குறி வைக்கும். இடைவெளிகளை எண்ணி வைக்கிறோம், டேப் வந்தால் கணக்கு தவறும், அதனால் மேல் வரியில் டேப் இருந்த இடத்தில் கீழேயும் டேப்பையே வையுங்கள், மற்றவற்றுக்கு இடைவெளி. சரி, டேப் தீர்ந்தது. வரியில் தமிழ் வந்தால்? "நிரல்" என்ற சொல்லுக்கு ஸ்ட்ரிங்கின் லெங்த் 5 என்கிறது, கண்ணுக்கு மூன்று எழுத்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்கள். எழுத்துக் கூட்டங்களாகப் பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் இருக்கிறது (ஜாவா 9 முதல்), பிரேக்இட்டரேட்டரும் இருக்கிறது, ஆனால் மூன்று எழுத்து என்று தெரிந்தும் லாபமில்லை, அது திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் வித்தியாசம். எப்படி எண்ணினாலும் கூர்க்குறி எங்கோ நிற்கும்.

நிறம் உண்மையிலேயே உதவுவது இங்கேதான். கீழே குறி வைக்காமல், வரிக்குள்ளேயே தவறான துண்டைச் சிவப்பு அடிக்கோட்டில் காட்டிவிடுங்கள், 4;31 என்று சேர்த்துப் போட்டு. எண்ண வேண்டியதே இல்லை, டேப்போ தமிழோ எதுவும் கலைக்காது. ஒரே கவனம், தொடக்கமும் முடிவும் எழுத்துக் கூட்டத்தின் எல்லையில் விழ வேண்டும். ந-வுக்கும் அதன் இகரக் குறிக்கும் நடுவே எஸ்கேப்பைச் செருகினால் அந்த இகரக் குறி தனியாகப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கலாம். நிறம் அணைந்திருக்கும்போது அதே துண்டின் இருபுறமும் இரட்டைக் கோணக்குறி வைத்தால் பைலிலும் படிக்க முடியும். அதாவது பூசு மெத்தட்டைப் போலவே சுட்டு என்று இன்னொரு மெத்தட், நிறம் இருந்தால் அடிக்கோடு, இல்லையென்றால் குறி.

தமிழ்ச் செய்தி என்றதும் இன்னொன்று. ஜாவா 18 முதல் இயல்பான எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆனது, ஆனால் அது சிஸ்டம்.அவுட்டுக்குப் பொருந்தாது. அதற்கு ஜாவா 19 முதல் ஸ்டிடிஅவுட்.என்கோடிங் என்ற தனிப் பண்பு, எர்ருக்கும் அப்படியே ஒன்று. நிறமெல்லாம் சரியாக வந்து எழுத்து மட்டும் கேள்விக்குறிகளாக வந்தால் அங்கே பாருங்கள்.

பயனரிடமிருந்தோ பைலிலிருந்தோ வந்த உரையைப் பிழைச் செய்திக்குள் அப்படியே ஒட்டாதீர்கள். அதற்குள்ளும் எஸ்கேப் எழுத்து இருக்கலாம், அது திரையைத் துடைக்கலாம், ஜன்னலின் தலைப்பை மாற்றலாம், முந்தைய வரியை மறைத்துப் பொய்யான "வெற்றி" வரியைப் பச்சையில் எழுதலாம். 32-க்குக் கீழ் உள்ள எழுத்துகளில் டேப்பைத் தவிர மற்றவற்றையும், 127-ஐயும், 128 முதல் 159 வரை உள்ளவற்றையும் கேள்விக்குறியாக மாற்றிவிட்டு அப்புறம் பூசுங்கள். கடைசி வரம்பைப் பலர் மறக்கிறார்கள், 155 என்ற ஒற்றை எழுத்தே எஸ்கேப்பும் அடைப்பும் சேர்ந்த இரண்டுக்குச் சமம்.

ஸ்டாக் ட்ரேஸ் (பிழை எந்தெந்த மெத்தட்டுகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) பற்றி ஒரு வார்த்தை. எதிர்பார்த்த பிழைக்கு (பைல் இல்லை, அனுமதி இல்லை) ட்ரேஸ் காட்டவே வேண்டாம், ஒரு வரி போதும். எதிர்பாராததற்கு, த்ரெட்டின் இயல்பு அன்காட் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லரை அமைத்து, ட்ரேஸை ஒரு ஸ்ட்ரிங்ரைட்டரில் வாங்கி, உங்கள் பேக்கேஜ் பெயரில் தொடங்கும் வரிகளை மட்டும் சாதாரணமாகவும் மற்றவற்றை 2 போட்டு மங்கலாகவும் காட்டிப் பாருங்கள். நாற்பது வரி ட்ரேஸில் நம் வரி மூன்று எங்கே என்று கண் நேராகப் போய் நிற்கும்.

நிறத் தேர்வில் சுருக்கமாக: அடிப்படை 16 நிறங்களோடு நில்லுங்கள். 256 நிறமும் முழு நிறமும் கிடைக்கும்தான், ஆனால் பதினாறும் பயனரின் தீம்படி மாறும், அவர் தனக்குப் படிக்கும்படி வைத்திருப்பார். நீங்கள் நேரடியாகத் திணிக்கும் நிறம் அவருடைய பின்னணியில் கரைந்து போகலாம். அப்படியும் வெள்ளைப் பின்னணியில் மஞ்சளும் கறுப்பில் 34-ஆம் நீலமும் கண்ணைப் பிடுங்கும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் படிப்பார்கள், "பிழை", "எச்சரிக்கை" என்ற சொல் எப்போதும் இருக்கட்டும்.

நூலகம் எடுப்பதா நாமே எழுதுவதா? கமாண்ட் லைன் கொடிகளும் அலச வேண்டிய நிரல் என்றால் பிகோக்ளி நூலகத்தை எடுங்கள், நிறமும் உதவிப் பக்கமும் சேர்ந்தே வரும். லாக் செய்திகளுக்கு மட்டும் நிறம் வேண்டுமென்றால் லாக்பேக், லாக்4ஜே2 என்ற லாக் நூலகங்கள் இரண்டிலும் பேட்டர்னில் (லாக் வரியின் வடிவத்தைச் சொல்லும் இடத்தில்) ஹைலைட் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், ஆனால் அதை கன்சோல் அப்பெண்டரில் (லாக் செய்தியைத் திரைக்கு அனுப்பும் பகுதியில்) மட்டும் சேருங்கள், பைலுக்கு எழுதும் அப்பெண்டரில் வேண்டாம். இங்கே கேட்ட நிரலின் அளவுக்கு ஈனமும் இரண்டு மெத்தட்டும் சேர்ந்து ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும், விண்டோஸுக்கு மட்டும் ஜான்சி.

எழுதி முடித்ததும் பிழை ஓடையை பைலுக்குத் திருப்பி ஒருமுறை ஓட்டி, அந்தப் பைலை கேட் கட்டளையின் சிறிய வி கொடியோடு திறந்து பாருங்கள். எஸ்கேப் இருந்தால் கூர்க்குறியும் சதுர அடைப்புமாக வெளியே தெரியும். தெரிந்தால் பூசு-வைத் தாண்டி யாரோ எங்கோ நேரடியாக எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் அது தேடிப் பிடித்த அந்தப் பழைய துண்டு நிரலாகத்தான் இருக்கும்.